அதே இடம், அடுத்த தேதி: பேரிடருக்குப் பிந்தைய படங்களைப் பார்ப்பதும் எடுப்பதும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. அப்படி ஒரு பலகையின் அருகில் நின்று நான் எடுத்த இரண்டு படங்கள் என் கைப்பேசியில் இருக்கின்றன. முதலாவது 2024 டிசம்பரில், மழை விட்ட மறுநாள் எடுத்தது. மேல்சரிவிலிருந்து இறங்கிய செம்மண் சாலையின் பாதியை மூடிக் கிடக்கிறது. மண்ணுக்குள் புதைந்தபடி ஆள் உயரப் பாறை ஒன்று. ஒரு சில்வர் ஓக் மரம் வேரோடு சாய்ந்து தடுப்புச் சுவரின் மேல் படுத்திருக்கிறது. மண் அள்ளும் இயந்திரத்தின் மஞ்சள் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. இரண்டாவது படம் பதினொரு நாள் கழித்து, அதே பலகையருகே எடுத்தது. சாலை கழுவிவிட்டதுபோல் இருக்கிறது. பஸ் ஒன்று வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது.

இரண்டையும் சேர்த்து உறவினர்களுக்கு அனுப்பினேன். "அப்பாடா, எல்லாம் சரியாகிவிட்டதே" என்று பெரியம்மா பதில் போட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரவு சாப்பிட்டுவிட்டு இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாலையோர வடிகாலில் மண் விளிம்புவரை நிரம்பியிருந்தது. அறுந்து நின்ற சரிவின் காலடியில் மணல் மூட்டைகள் மட்டுமே அடுக்கியிருந்தார்கள். சரிவின் முகத்தில் ஈரம் கசிந்து மின்னியது. போக்குவரத்து திரும்பிவிட்டது, மலை திரும்பவில்லை. இரண்டு செய்தியும் அந்த ஒரே படத்துக்குள் இருந்தும், காலையில் என் கண்ணில் பட்டது ஒன்றுதான்.

பேரிடர் முடிந்த பிறகு வரும் படங்களை எப்படிப் படிப்பது, நாமே எப்படி எடுப்பது என்று எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒளிப்பட அனுபவம் எதுவும் வேண்டாம். கையில் ஒரு கைப்பேசியும், போன இடத்துக்கே மறுபடி போகும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் நம் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. வெள்ளத்தில் சிக்கியவரைப் படகில் ஏற்றுவது மீட்பு. அவருக்குச் சோறும் போர்வையும் கொடுப்பது நிவாரணம். தெருவில் சேற்றை அள்ளி, அறுந்த மின்கம்பியை மாற்றி, சாலையைத் திறப்பது சீரமைப்பு. அவர் தன் வீட்டில், தன் தொழிலில், கடன்சுமை இல்லாமல் மறுபடி உட்காருவது மறுவாழ்வு. முதல் இரண்டும் நாள் கணக்கில் நடப்பவை. மூன்றாவது வாரக் கணக்கு. நான்காவதற்கு ஆண்டுகள் பிடிக்கும். நாம் பார்க்கும் படங்களோ பெரும்பாலும் முதல் மூன்றைச் சேர்ந்தவை. அதனால் சீரமைப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, மறுவாழ்வும் முடிந்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. பெரியம்மாவுக்கும் எனக்கும் நடந்தது அதுதான்.

இந்தப் பிழையிலிருந்து தப்பப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், காலம் விட்டுக் காலம் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது. அப்படி எடுப்பதை இந்தக் கட்டுரையில் மீள்படம் என்று அழைக்கிறேன். 1880களின் இறுதியிலேயே செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகளை இப்படிப் படமெடுக்கத் தொடங்கினார். பனியாறு நகர்வதை நின்ற இடத்தில் யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. இரண்டு படங்களுக்கு நடுவே அது பின்வாங்கியிருப்பதை யாராலும் பார்க்க முடியும். பேரிடருக்குப் பிந்தைய வாழ்க்கையும் அந்தப் பனியாற்றைப் போன்றதுதான். தினம் பக்கத்தில் இருப்பவருக்கே அதன் நகர்வு தெரிவதில்லை.

உலகம் முழுக்கப் பரவிய ஓர் இரட்டைப் படத்தை எடுத்துக்கொள்வோம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இபராகி மாகாணத்தின் நாகா நகருக்கு அருகே நெடுஞ்சாலை சுமார் 150 மீட்டர் நீளத்துக்குப் பிளந்துபோனது. மார்ச் 17 அன்று பணி தொடங்கியது. ஆறு நாளில் சாலை பழையபடி ஆயிற்று. இடது பக்கம் வாய் பிளந்த தார், வலது பக்கம் கோடு போட்ட புதுச் சாலை. பார்த்தவர்கள் வியந்தார்கள், வியக்க வேண்டிய வேலைதான் அது. ஆனால் அந்தப் படம் சொல்வது 150 மீட்டரின் கதை. அதே நாட்களில் வடகிழக்குக் கடற்கரையில் ஆழிப்பேரலை வீடுகளை அடித்துச் சென்றிருந்ததால் லட்சக்கணக்கான மக்கள் பள்ளிக்கூட அரங்குகளில் படுத்திருந்தார்கள். படத்தின் சட்டத்துக்கு வெளியே இருப்பதைப் படம் சொல்லாது. இதைப் படத்தின் குற்றமாக நான் நினைக்கவில்லை. சட்டத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று கேட்கும் பழக்கம் பார்க்கும் நமக்கு வர வேண்டும்.

நம் பக்கத்திலும் அப்படியோர் இணை இருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு ஏற்பட்டது. பாலம் அடித்துச் செல்லப்பட்டதால் அக்கரைக்குப் போக வழியில்லை. இராணுவத்தின் மெட்ராஸ் பொறியியல் படைப்பிரிவினர் இரவும் பகலும் நின்று ஆகஸ்ட் 1 மாலைக்குள் 190 அடி நீள இரும்புப் பாலத்தைப் போட்டு முடித்தார்கள். அந்தப் பாலத்தின் படங்கள் நம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்தன. வீடிழந்தவர்களுக்குக் கல்பற்றாவில் குடியிருப்பு கட்ட அடிக்கல் நாட்டிய நாளோ 2025 மார்ச் 27. பாலத்துக்கு மூன்று நாள் ஆகவில்லை, வீட்டின் முதல் கல்லுக்கே எட்டு மாதம் ஆனது. இதில் யார் மீதும் குறை சொல்ல நான் வரவில்லை. நிலம் பார்க்க வேண்டும், பயனாளிகள் பட்டியல் சரியாக வேண்டும், வழக்குகள் தீர வேண்டும். ஆனால் அந்த எட்டு மாதமும் வாடகை வீட்டில் ஒரு குடும்பம் எப்படி இருந்தது என்பதற்கு நம்மில் எத்தனை பேர் ஒரு படமாவது பார்த்திருப்போம்?

வயநாடு விஷயத்தில் இன்னொரு வகைப் படத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம், சரிவுக்கு முன்னும் பின்னும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை வெளியிட்டது. முந்தைய படம் 2023 மே மாதத்தில் கார்ட்டோசாட்-3 எடுத்தது. பிந்தையதை எடுத்தது ரிசாட். பருவமழை மேகம் மலையை மூடியிருக்கும்போது சாதாரணக் கேமராவுக்கு வெள்ளைப் பஞ்சு மட்டும்தான் தெரியும். ரிசாட்டில் இருப்பது ரேடார். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறது. மேகமும் இருட்டும் அதற்குத் தடையில்லை. சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்திருந்ததை இப்படித்தான் கணக்கிட்டார்கள். வானத்திலிருந்து எடுத்த படம் பரப்பைச் சொல்லும், அளவைச் சொல்லும். வீட்டுக்குள் போகாது.

வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும்.

நான் அதைக் கற்றுக்கொண்டது சேலத்தில் ஒரு நெசவாளர் வீட்டில். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி நகரத்தின் நடுவே ஓடுகிறது. மலையில் கொட்டும் மழை இங்கே தாழ்வான தெருக்களின் வாசலுக்கு வந்து நிற்கும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு, வலுவிழந்து மெல்ல மெல்ல மேற்கே உள்நாட்டுக்குள் வந்தது. சேலத்துக்கு வடகிழக்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், புயல் நம்மை என்ன செய்யும் என்று நினைத்திருந்த ஊர்கள் எல்லாம் அந்த வாரம் மழையில் மாட்டிக்கொண்டன.

தண்ணீர் வடிந்த இரண்டாம் நாள் நான் ஒரு தெருவைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். தூய்மைப் பணியாளர்கள் சேற்றை வழித்துக் குவித்து, சுண்ணாம்புத் தூள் தூவியிருந்தார்கள். தெருவின் நடுவே நேர்க்கோடாக வெள்ளை. நல்ல படம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தேன். ஒரு வாசலிலிருந்து வயதான அம்மா ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, தெருவை எடுத்தது போதும். உள்ளே வந்து குழியைப் பாருங்கள்" என்றார்.

அவர் சொன்னது குழித்தறியின் குழி. தரையில் வெட்டிய குழிக்குள் கால் வைத்து, மேட்டில் உட்கார்ந்து நெய்வார்கள். மிதிகட்டைகள் குழிக்குள் இருக்கும். வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தால் முதலில் நிறைவது அதுதான், கடைசியில் வடிவதும் அதுதான். நான் பார்த்தபோது குழியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் முட்டி நின்றது. அதன் மேல் ஒரு ரப்பர் செருப்பு மிதந்தது. தறியில் பாதி நெய்த வேட்டி அப்படியே இருந்தது. பாவின், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளின், கீழ்ப்பக்கம் விரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு ஓடியது. "இந்தக் கோடு போதும் தம்பி, மொத்தப் பாவும் வீண்" என்றார். மேலே கட்டியிருந்த, துணியில் வடிவம் நெய்ய உதவும் ஜக்கார்டு பெட்டியில் ஈரம் படவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

அன்று எடுத்த படத்தை வைத்துக்கொண்டு மூன்று முறை அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். பத்தாம் நாள் குழியில் தண்ணீர் இல்லை. ஆனால் மண் சுவர் ஊறித் தளர்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. மிதிகட்டைகளை வாசலில் வெயில் படாத இடத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். வெயிலில் காய வைத்தால் மரம் முறுக்கிக்கொள்ளும் என்றார் அவருடைய மகன். ஐந்தாம் வாரம் குழிக்குச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். தறியில் பாவு இல்லை, வெறும் மரச்சட்டம் நின்றது. புதுப் பாவு கொடுப்பவர் பழைய பாவின் நஷ்டக் கணக்கு முடியட்டும் என்று காத்திருந்தார். ஒன்பதாம் வாரம் போனபோது அந்த அம்மாவின் மருமகள் பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் முனைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். சில ஆயிரம் இழைகள். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் அவர் தலை நிமிரவே இல்லை.

தெரு இரண்டு நாளில் சுத்தமானது. தறி ஓட ஒன்பது வாரத்துக்கு மேல் ஆனது. தெருவில் நின்று எடுத்த படம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டின் வருமானம் நின்று எத்தனை நாள் ஆயிற்று என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. சுத்தப்படுத்தும் வேலையைக் காட்டும் படங்களை நான் மதிக்கிறேன். சேற்றில் இறங்கியவர்களின் உழைப்புக்கு அவை மட்டும்தான் சாட்சி. ஆனால் அவற்றோடு நிறுத்திவிட்டால் கதையின் முதல் பக்கத்தை மட்டும் படித்ததாக ஆகும்.

சரி, எப்படி எடுப்பது? மிக முக்கியமானது நிற்கும் இடம். அடுத்த முறையும் அசையாமல் இருக்கக்கூடிய ஒன்றை அடையாளமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். வளைவு எண் பலகை, கோயில் தூண், மின்கம்பம், கிணற்றுச் சுவர், எதுவாகவும் இருக்கலாம். மரம் வேண்டாம், வெட்டிவிடுவார்கள். அந்த அடையாளம் படத்தின் ஓரத்தில் எங்கே விழுகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை முதல் படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்த்தபடி அதே இடத்தில் நில்லுங்கள். பெரிதாக்கி எடுக்காதீர்கள். ஒருமுறை பெரிதாக்கி மறுமுறை அகலமாக எடுத்தால் சரிவு சுருங்கியதுபோல் தெரியும். நேரமும் முக்கியம். காலை வெயிலில் எடுத்த மண்சரிவு நிழலோடு பயங்கரமாக இருக்கும், நண்பகலில் எடுத்தால் தட்டையாக, சாதாரணமாகத் தெரியும். ஒப்பிட வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுங்கள். அளவு காட்ட ஏதாவது ஒன்றைச் சட்டத்துக்குள் வையுங்கள். ஒரு குடை, ஒரு குடம், ஒரு சைக்கிள். வெள்ளம் நின்ற உயரத்தைச் சுவரில் காட்ட என் பெரியப்பா வீட்டு மரமுழக்கோலைத்தான் எடுத்துப் போவேன்.

ஒவ்வொரு இடத்திலும் மூன்று படங்கள் எடுப்பது என் வழக்கம். சுற்றுப்புறம் முழுவதும் தெரிய ஒன்று, சேதமடைந்த பொருள் முழுதாக ஒன்று, கை நீட்டித் தொடும் தூரத்தில் ஒன்று. மூன்றாவது படம்தான் பின்னாளில் பேசும். பாவின் பழுப்புக் கோடு அந்த மூன்றாவது படத்தில்தான் இருக்கிறது.

எடுத்த கோப்பை அப்படியே பாதுகாத்து வைக்க வேண்டும். கைப்பேசி எடுக்கும் ஒவ்வொரு படக்கோப்புக்குள்ளும் நாளும் நேரமும் பதிந்திருக்கும், அனுமதித்திருந்தால் இடமும் இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தத் தகவல் உதிர்ந்துவிடுகிறது, படத்தின் தெளிவும் குறைகிறது. ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். பேரிடர் நேரத்தில் இந்தச் சின்ன வேறுபாடு பெரிய உதவி.

பயிர் வைத்திருப்பவர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்டதும் கூட. ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில் நெல் உள்ளிட்ட பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாய். சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்பதைச் சாய்ந்த ஒரு கதிரின் நெருங்கிய படம் காட்டாது. வரப்பின் மூலையில் ஏதாவது மேட்டில் ஏறி, நான்கு எல்லையும் தெரியும்படி வயல் முழுவதையும் எடுக்க வேண்டும். சுத்தம் செய்யத் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். விழுந்த மரத்தை விறகாக்கிவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் சேதத்தைச் சொன்னால் அவரும் என்ன செய்வார்?

மலைச்சரிவைப் பார்க்கும்போது பச்சையை நம்பி ஏமாந்துவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல விரும்புகிறேன். மண் சரிந்து செந்நிறக் காயமாகத் தெரிந்த இடம், அடுத்த மழைக்குப் பிறகு பச்சையாகிவிடும். எங்கள் மலையில் அப்படி முதலில் ஏறுவது பெரும்பாலும் உண்ணிச்செடியும் புல்லும்தான். தூரத்திலிருந்து படமெடுத்தால் காயம் ஆறிவிட்டதுபோல் இருக்கும். ஆனால் சரிவைப் பிடித்து வைத்திருந்த பெரிய மரங்களின் ஆழமான வேரை உண்ணிச்செடியால் ஈடுகட்ட முடியாது. ஆகவே பச்சையைப் பார்த்ததும் மூன்று இடங்களில் கண்ணை ஓட்டுங்கள். சரிவின் உச்சியில் புதிய வெடிப்புக் கோடு இருக்கிறதா? மின்கம்பமோ மரமோ சாய்ந்து நிற்கிறதா? அடியில் தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா? துளை அடைபட்ட சுவரின் பின்னால் தண்ணீர் தேங்கி, அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். முதலில் சொன்ன கொண்டை ஊசி வளைவுக்குப் பிறகும் போய் எடுத்த நான்காவது படத்தில் வடிகால் சுத்தமாகியிருந்தது. கம்பிவலைக்குள் கற்களை அடுக்கிய புதுச் சுவர் ஒன்றும் வந்திருந்தது. நல்ல சீரமைப்பின் அடையாளம் அது. கற்களின் இடைவெளி வழியே தண்ணீர் கசிந்து போகும், சுவர் நிற்கும். அந்தப் படத்தைத்தான் பெரியம்மாவுக்கு இரண்டாம் முறை அனுப்பினேன்.

வரும் படங்கள் எல்லாம் உண்மைதானா என்பது தனிப் பாடம், சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்டபோது, விமானச் சன்னலுக்குள் வேறொரு வெள்ளக் காட்சியை ஒட்டிய படம் ஒன்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்திலிருந்தே வெளியாகி, பிறகு திரும்பப் பெறப்பட்டது. அரசு அலுவலகத்திலேயே இப்படி நேரும் என்றால், குடும்பக் குழுவில் வரும் படத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பதில் தவறில்லை. ஏற்காட்டுச் சரிவு என்று வரும் படத்தில் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது? பஸ்ஸின் நிறம் நம் ஊர் பஸ்ஸின் நிறம்தானா? மண் செம்மண்ணா? இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களில் சில நேரம் பலகை எழுத்துகள் தமிழ்போல் தோன்றும், படித்துப் பார்த்தால் எந்தச் சொல்லும் இருக்காது. சந்தேகம் இருந்தால் அனுப்பாமல் விடுவதே அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் செய்யும் உதவி. தவறான ஒரு படத்தால் பதறி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இரவெல்லாம் தூங்காமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மனிதர்களை எடுப்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. 2004 ஆழிப்பேரலைக்கு இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர்ஸ் ஒளிப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம், உறவினரை இழந்த பெண் ஒருவர் மணலில் கவிழ்ந்து அழுவது, அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வானது. இறந்தவரின் கை மட்டும்தான் அதில் தெரிகிறது. எதைக் காட்டாமல் விட வேண்டும் என்று அறிந்தவர் எடுத்த படம். நமக்கு அந்தத் தேர்ச்சி இல்லை என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவது நல்லது. அழுகிறவரை எடுக்காதீர்கள். அரிசி மூட்டை வாங்குகிறவரைக் கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள். வேலை செய்கிறவரைக் கேட்டுவிட்டு எடுங்கள், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். எடுத்த படத்தை அவரிடமே காட்டுங்கள். அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒவ்வொரு முறை போனபோதும் முந்தைய படங்களை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நஷ்டக் கணக்கு பேச வந்தவரிடம் அவர் அந்தப் பழுப்புக் கோட்டின் படத்தைத்தான் எடுத்து நீட்டினாராம்.

எதை நினைவாக வைத்துக்கொள்வது, எதை அகற்றுவது என்ற முடிவும் அங்கே வாழ்கிறவர்களுடையது. ஜப்பானின் கேசென்னுமா நகரில் 2011இல் 330 டன் எடையுள்ள மீன்பிடிக் கப்பல் ஒன்றைப் பேரலை ஊருக்குள் கொண்டுவந்து போட்டது. அதை நினைவுச் சின்னமாக வைக்கலாம் என்ற யோசனை எழுந்தது. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு வாழ முடியாது என்பது அவர்கள் மனம். 2013இல் கப்பலை உடைத்து எடுத்தார்கள். இப்போது அது படங்களில் மட்டும் இருக்கிறது. படம் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று தோன்றுகிறது. பாரத்தை அது சுமந்துகொள்ள, ஊர் நிலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

என்னிடம் இன்னும் முடியாத வரிசை ஒன்று இருக்கிறது. ஏற்காட்டுக்கு மேலே ஒரு சிற்றூரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் ஒருவரின் தோட்டம். டிசம்பர் மழை வந்தது காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில். பழுத்தவை வெடித்து உதிர்ந்தன. நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்கள் இரண்டு விழுந்து, அடியில் இருந்த செடிகளை நசுக்கின, மேலே படர்ந்திருந்த மிளகுக் கொடியும் போயிற்று. காப்பிச் செடியை நட்டால் ஒழுங்காகக் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். முதல் படத்தில் விழுந்த மரத்தின் வேர்ப்பந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. இரண்டாவதில் அந்தக் குழியை நிரப்பியிருக்கிறார்கள். மூன்றாவதை அடுத்த தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு எடுத்தேன். நிரப்பிய குழிக்குப் பக்கத்தில் ஒரு சாண் உயரத்தில் காப்பி நாற்று நிற்கிறது, பக்கத்தில் அளவுக்காக அவர் நட்டு வைத்த மூங்கில் குச்சி. குச்சியில் கத்தியால் ஒரு கோடு கீறியிருக்கிறார். அடுத்த படத்துக்கு நான் எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட, வேலிக்கல் ஒன்றின் மேல் சுண்ணாம்பால் புள்ளியும் வைத்திருக்கிறார்.

"டிசம்பரில் வாருங்கள் தம்பி. நாற்று கோட்டைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா பார்ப்போம்" என்றார்.